நீங்க என்ன ஆளுங்க?

மின்சார ரயிலில் ஏறியதும் என் மகன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெரியவர் முன்னால் போய் நின்றான். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் சட்டைப் பையில் செருகியிருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "நீங்க என்ன ஆளுங்க?" கேட்டுவிட்டுத் தொண்டையை ஒருமுறை செருமினான்.

பக்கத்தில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். ஒரு பெண் சட்டென்று செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார். பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. சின்னப் பிள்ளை கேட்கிறதே என்ற தயக்கம்கூட இல்லாமல் தன் சாதிப் பெயரை உட்பிரிவோடு சேர்த்துச் சொன்னார். சொல்லிவிட்டு, "நீ என்ன ஆளு?" என்றார். "நீங்க என்ன ஆளுங்க?" என்றான் இவன். "அதான் சொன்னேனே, நீ என்ன ஆளு?" "நீங்க என்ன ஆளுங்க?" மூன்றாவது சுற்றில் பெரியவர் அவனை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். பதில் என்னிடம் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த ஸ்டேஷனில் இறங்கி வேறு பெட்டியில் ஏறிக்கொண்டேன்.

வீட்டில் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவோம். நாலரை வயது. ஆட்டிசம் இருக்கிறது. பசிக்கிறது என்று சொல்லத் தெரியாது. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சோற்றுப் பாத்திரத்தின் மேல் வைப்பான். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. காதுவலியில் இரண்டு நாள் சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தவனை அடம் பிடிக்கிறான் என்று நினைத்துத் திட்டினோம். அம்மா என்று இதுவரை என்னைக் கூப்பிட்டதில்லை. அவன் வாயிலிருந்து முழுதாக, பிசிறில்லாமல் வரும் வாக்கியங்கள் மொத்தம் ஏழு. அதில் மிகத் தெளிவானது இந்தக் கேள்வி.

எக்கோலேலியா என்று இதற்குப் பெயர். காதில் விழுந்ததை அப்படியே திருப்பிச் சொல்வது. உடனேயும் வரும், ஆறு மாதம் கழித்தும் வரும். சொன்னவரின் குரல், இழுப்பு, இருமல் எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகள் இப்படித்தான் பேச்சுக்குள் வருகிறார்கள். ஒவ்வொரு சொல்லாகக் கோத்துப் பேசாமல், கேட்ட துண்டை முழுசாக எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். அரசு ஆவணங்களில் ஆட்டிசம் உள்ளவர்களைப் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று எழுதுகிறார்கள். யார் வைத்த பெயரோ தெரியாது. புற உலகத்தை என் மகன் அளவுக்குத் துல்லியமாகக் காதில் வாங்கியவரை நான் பார்த்ததில்லை. அந்தச் செருமல் யாருடையது என்றுகூட எனக்குத் தெரியும். நாங்கள் வாடகைக்குக் கேட்டுப் போன ஒரு வீட்டு உரிமையாளருடையது.

இரண்டு வருடத்தில் மூன்று வீடு மாறியிருக்கிறோம். என் இணையர் வாடகைக் கார் ஓட்டுகிறார். நான் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். தம்பிக்கு இரண்டரை வயதானபோது வேலையை விட்டுவிட்டு இப்போது வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை செய்கிறேன். முதல் வீடு மாடியில் இருந்தது. தம்பி குதிப்பான். நின்ற இடத்தில் நூறு, இருநூறு தடவை குதிப்பான். அது அவன் உடம்புக்குத் தேவை. கீழ்வீட்டுக்காரர்கள் ஒரு வருடம் பொறுத்தார்கள், அதற்கு மேல் அவர்களையும் குறை சொல்ல மாட்டேன். காலி செய்யச் சொன்னார்கள்.

அடுத்த வீடு தேடும்போதுதான் அந்தக் கேள்வி அவன் காதில் ஏறியது. அவனை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லாததால் ஒவ்வொரு வீட்டுக்கும் இடுப்பில் தூக்கிக்கொண்டு போனேன். ஒரே மாதத்தில் 17 வீடு. கிராமத்தில்தான் சாதி கேட்பார்கள், சென்னைப் புறநகரில் யார் கேட்கப்போகிறார்கள் என்று நம்புகிற தோழர்கள் யாராவது இருந்தால், டூலெட் போர்டு தொங்கும் ஒரு தெருவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து பாருங்கள். நேரடியாகக் கேட்கிறவர்கள் குறைவுதான். "சொந்த ஊரு எது?" என்று தொடங்குவார்கள். ஊரைச் சொன்னால், "ஊருக்குள்ளயா, காலனியா?" என்பார்கள். "கறி சமைப்பீங்களா?" என்பார்கள். "குலதெய்வம் எது?" என்றுகூட ஒரு அம்மா கேட்டார். சுற்றி வளைக்கப் பொறுமை இல்லாதவர்கள்தான் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார்கள். அவர்களில் ஒருவர் கேட்டு முடித்ததும் தொண்டையைச் செருமினார்.

கதவு திறக்கும், கேள்வி வரும், பிறகு உள்ளே விடுவார்கள் அல்லது விடமாட்டார்கள். என் இடுப்பில் இருந்தபடி அவன் இந்த நாடகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறான்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். தம்பி பிறப்பதற்கு முன் வீடு தேடியபோது எங்களை மறுத்தவர்கள் ஏதாவது ஒரு பொய்யைத் தேட வேண்டியிருந்தது. சொந்தக்காரர் வருகிறார், பெயின்ட் அடிக்கணும், நேற்றே அட்வான்ஸ் வாங்கிட்டோம். இப்போது அந்தச் சிரமம் அவர்களுக்கு இல்லை. ஊர்ப் பெயரைக் கேட்டு முகம் மாறியவர், என் இடுப்பில் கையை உதறிக்கொண்டிருக்கும் குழந்தையைப் பார்த்ததும் நிம்மதியாகிவிடுவார். "குழந்தை சத்தம் போடுமே, அக்கம்பக்கத்துல வயசானவங்க இருக்காங்கம்மா." கண்ணியமான ஒரு காரணத்தை நானே தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்கிறேன். 17 வீட்டில் எத்தனை பேர் சாதிக்காக மறுத்தார்கள், எத்தனை பேர் ஆட்டிசத்துக்காக மறுத்தார்கள் என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எந்தச் சட்டத்தின் கீழ், எந்த அலுவலகத்தில் போய் நான் முறையிடுவது?

பதினெட்டாவது வீட்டில் என் இணையர் வேறு ஒரு சாதியின் பெயரைச் சொன்னார். இதை எழுதும்போதும் கை கூசுகிறது. வீடு கிடைத்துவிட்டது. அம்பேத்கர் படத்தைப் பீரோவுக்குள் துணிகளுக்கு அடியில் வைத்தோம். வெளிநாட்டில் படித்துத் திரும்பி பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்த அம்பேத்கருக்குத் தங்க இடம் கிடைக்காமல், பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கியதும், 11ஆம் நாள் தடிகளோடு வந்தவர்கள் அவரை வெளியேறச் சொன்னதும் அவரே எழுதி வைத்திருப்பதுதான். நாங்கள் அவரைவிடக் கொஞ்ச நாள் அதிகமாகத் தாக்குப்பிடித்தோம். எட்டு மாதம்.

எங்களைக் காட்டிக்கொடுத்தது தம்பிதான். என் மாமனார் எப்போது வீட்டுக்கு வந்தாலும் செருப்பைக் கழற்றும்போதே "ஜெய்பீம்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவார். தம்பிக்குத் தாத்தாவைப் பிடிக்கும். அவனுடைய ஏழு வாக்கியங்களில் இரண்டாவது அதுதான். யார் வீட்டுக்குள் வந்தாலும், பால்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், பக்கத்து வீட்டுப் பாப்பா, எல்லோருக்கும் ஒரு "ஜெய்பீம்". ஒரு நாள் விநாயகர் சதுர்த்திக்கு ஹவுஸ் ஓனர் அம்மா கிண்ணத்தில் கொழுக்கட்டை எடுத்துக்கொண்டு வந்தார். நல்ல அம்மா, அதுவரை எங்களிடம் பிரியமாகத்தான் இருந்தார். தம்பி அவருடைய கொலுசைப் பார்த்துக்கொண்டே, மாமனாரின் அதே கனத்த குரலில், "ஜெய்பீம்" என்றான்.

அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கிண்ணத்தைக் கொடுத்தார். நான் கழுவித் திருப்பிக் கொடுத்தபோது, "வெச்சுக்கோம்மா" என்றார். அடுத்த மாதம் காலி செய்யச் சொன்னார்கள். காரணம் என்ன சொல்லியிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். குழந்தை சத்தம்.

அன்றைக்கு ராத்திரி என் இணையர் தம்பியின் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து, அவன் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, "அப்படிச் சொல்லக் கூடாது தங்கம், ஜெய்பீம் சொல்லக் கூடாது" என்றார். தம்பி உடனே "ஜெய்பீம் சொல்லக் கூடாது" என்று திருப்பிச் சொன்னான், அவர் குரலிலேயே. அவர் எழுந்து வெளியே போய்விட்டார். இப்போதும் சில நாள் தாத்தா வந்து நிற்கும்போது தம்பி இந்த முழு வாக்கியத்தையும் சொல்வான். மாமனாருக்குக் காது கொஞ்சம் மந்தம், முதல் வார்த்தை மட்டும்தான் விழுகிறது என்று நாங்கள் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

அந்த நேரத்தில் தம்பியை ஒரு தனியார் பயிற்சி மையத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். அங்கே ஒரு படிவம் கொடுத்தார்கள். குழந்தையிடம் நிறுத்த வேண்டிய பேச்சுகளை வரிசையாக எழுத வேண்டும்; அவன் அதைச் சொல்லும்போதெல்லாம் கவனிக்காதது போல இருந்து, வேறு பேச்சுக்குப் பரிசு கொடுத்து, மறக்கடிப்பார்கள். நான் முதலில் எழுதியது சாதிக் கேள்வியை. பயிற்சியாளர் பெண் அதைப் படித்துவிட்டு, "இதை யார் இவனுக்குச் சொல்லிக் கொடுத்தது?" என்று சிரித்தார். "ஊர்தான்" என்றேன். இரண்டாவது வரியில் ஜெய்பீம் என்று எழுதலாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுதினால் வீடு கிடைக்கும். பள்ளிக்கூடத்தில் அடி வாங்காமல் இருப்பான். என் தாத்தாவுக்கு அவருடைய அம்மா சொல்லிக் கொடுத்ததும் இதே பாடம்தான்: அந்தத் தெருவுக்குப் போகாதே, துண்டைத் தோளில் போடாதே, குரலை உயர்த்தாதே. பிள்ளை உயிரோடு இருக்க வேண்டும் என்ற ஆசையில் சொல்லிக் கொடுத்தார். ஆட்டிசம் உள்ள குழந்தைக்குச் சமூக விதிகள் தானாகப் புரியாது, படம் வரைந்து அட்டை அட்டையாகச் சொல்லிக் கொடுங்கள் என்கிறார்கள். சரி. எந்த விதியை நான் வரைவது?

எழுதவில்லை. வீரத்தால் அல்ல. அவனிடம் இருப்பதே ஏழு வாக்கியம், அதில் இரண்டைப் பிடுங்க மனசு வரவில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் ஆட்டிசம் பற்றி வரும் நெகிழ்ச்சியான கட்டுரைகளில் இந்தப் பகுதியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். அந்த மையத்தில் 45 நிமிடத்துக்கு 600 ரூபாய். வாரத்துக்கு மூன்று பேச்சுப் பயிற்சி, இரண்டு ஆக்குபேஷனல் தெரபி. மாதம் 12,000. டீசலும் கார் தவணையும் போக என் இணையர் கையில் நிற்பது 20,000 சொச்சம். ஏழு மாதம் அனுப்பினோம், என் சங்கிலி அடகுக்குப் போனது, நிறுத்திவிட்டோம். அங்கே வந்த மற்ற பெற்றோர்கள் காரில் வருவார்கள், என் இணையரின் காரிலும் ஒருமுறை ஒருவர் சவாரியாக வந்து இறங்கினார். வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசுங்கள், இரண்டு மொழி இருந்தால் குழந்தை குழம்பும் என்றும் அங்கே சொன்னார்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள குழந்தையின் பேச்சு கெடுவதில்லை என்று ஆய்வுகள் காட்டிய பிறகும் இந்த அறிவுரை ஓயவில்லை. "தண்ணி வோணும்" என்று அவன் சொல்வதற்காக நான் தவம் கிடக்கிறேன். அப்படிச் சொல்லக் கூடாதாம், வாட்டர் என்று சொல்ல வேண்டுமாம்.

தம்பிக்கு இரண்டு வயதில், கூப்பிட்டால் திரும்பவில்லை என்று காட்டப் போனபோது ஒரு மருத்துவர் சொன்னார், "அதெல்லாம் ஐ.டி. வேலை பார்க்கிறவங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கு வர்றதும்மா. நீங்க டிவியை நிறுத்துங்க." எட்டு மாதம் போயிற்று. இந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1943இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கேனர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளை வைத்து ஆட்டிசத்தை முதன்முதலில் விரிவாக விவரித்தபோது, அவர்களுடைய பெற்றோர் மெத்தப் படித்தவர்களாக இருப்பதைக் குறிப்பிட்டார். ஆட்டிசம் என்பது மேல்தட்டுக் குடும்பங்களில் வருவது என்ற எண்ணம் அதிலிருந்து பல பத்தாண்டுகள் நின்றது. அன்பில்லாத தாயால் வருவது என்றும் சொல்லி ஒரு தலைமுறைத் தாய்மார்களை அழ வைத்தார்கள். லோர்னா விங் என்ற லண்டன் மனநல மருத்துவர், அவருடைய மகளுக்கும் ஆட்டிசம், 1980இல் இதைக் கேள்வி கேட்டார். ஒரு பகுதியில் இருக்கும் குழந்தைகள் எல்லோரையும் தேடிப் போய்ப் பார்த்தால் ஆட்டிசம் எல்லா வர்க்கத்திலும் இருக்கிறது. படித்தவர்களும் வசதியானவர்களும்தான் நிபுணர்களின் கதவு வரை வந்து சேர்ந்தார்கள் என்பதே விஷயம். எங்கள் சேரியில் ஆட்டிசம் இல்லை என்று நினைக்கிறீர்களா? இருக்கிறது. அதற்கு அங்கே 'ஊமைப் பய', 'கிறுக்கு' என்று பெயர். என் சித்தி மகனுக்கு இப்போது முப்பது வயது. தண்ணீர்த் தொட்டி அருகே உட்கார்ந்து நாளெல்லாம் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருப்பான். தம்பிக்குச் சான்றிதழ் வாங்க 40 கேள்விகள் கொண்ட மதிப்பீட்டுத் தாளை நிரப்பும்போதுதான், ஒவ்வொரு கேள்வியிலும் அவன் முகம் வந்து நின்றது.

சட்டம் இருக்கிறது. 1995ஆம் வருடத்து ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் என்ற சொல்லே கிடையாது. 2016ஆம் வருடத்துச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாக அதைச் சேர்த்தது. ஆறு வயதிலிருந்து பதினெட்டு வரை இலவசக் கல்வி உரிமை என்கிறது. நிராமயா என்று வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரைக்கும் ஒரு காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. மாவட்ட அளவில் ஆரம்ப நிலைத் தலையீட்டு மையங்கள் இருக்கின்றன, கட்டணம் இல்லை. எங்களுக்கு அங்கே கிடைத்தது பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரம். போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். பஸ் ஹாரன் தம்பிக்கு ஆகாது. போய்ச் சேரும்போது அழுது களைத்திருப்பான், அந்த அரை மணி நேரமும் தூங்குவான். கல்லூரியில் பாடம் நடத்தியவள், ஆங்கிலப் படிவம் நிரப்பத் தெரிந்தவள், எனக்கே இந்தப் பாடு. என் சித்திக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. நாலு வயதுக்குள் என் மகனிடம் இரண்டு சான்றிதழ் இருக்கிறது, ஒன்று சாதிக்கு, ஒன்று ஆட்டிசத்துக்கு. இரண்டாவதில் எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள்.

பிறகு கர்மா. இதைச் சொல்லாமல் ஆட்டிசம் உள்ள குழந்தையின் தாய் யாரும் ஒரு நாளைக் கடத்திவிட முடியாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர், கடைக்காரர், ஒரு நர்ஸ், எல்லோரும் சொன்னார்கள். போன ஜென்மத்துப் பாவம். எந்தக் கோயிலுக்குப் போக வேண்டும், எத்தனை வாரம் விளக்கு போட வேண்டும் என்பது வரைக்கும் சொன்னார்கள். அவர்கள் சொன்னதைவிட என் சொந்த அத்தை சொன்னதுதான் வலித்தது. "யாரு பண்ண பாவமோ" என்றார், முந்தானையால் தம்பியின் எச்சிலைத் துடைத்துவிட்டுக்கொண்டே. அத்தை, நாற்பது வருடம் ஆண்டை வீட்டு வயலில் குனிந்தவர். அவர் ஏன் குனிந்தார் என்பதற்கும் இதே விளக்கத்தைத்தானே சொல்லி வைத்திருந்தார்கள்? 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் அம்பேத்கர் இந்த முற்பிறவிக் கணக்கை எடுத்துக்கொண்டு, ஏழைகளும் தாழ்த்தப்பட்டவர்களும் இருக்கும் நிலைக்கு அரசும் சமூகமும் பொறுப்பேற்காமல் தப்பித்துக்கொள்வதைத் தவிர இப்படி ஒரு கோட்பாட்டுக்கு வேறு என்ன நோக்கம் இருக்க முடியும் என்று கேட்கிறார். கல்லூரியில் படித்தபோது அதைச் சாதியைப் பற்றிய பேச்சாக மட்டும் படித்தேன். மையத்தின் வராந்தாவில் தூங்கும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு நாள் அது நினைவுக்கு வந்தது. பாவம் என்னுடையதாக இருக்கும் வரைக்கும் பேச்சுப் பயிற்சியாளர் பணியிடத்தை யாரும் நிரப்ப வேண்டியதில்லை.

நம் பக்கத்துக்கும் வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். போன ஏப்ரல் 14 அன்று ஒரு கூட்டத்துக்குத் தம்பியோடு போயிருந்தேன். பறையடிக்கும்போது நன்றாகத்தான் இருந்தான், சொல்லப்போனால் அவ்வளவு சந்தோஷமாக அவனைப் பார்த்ததே இல்லை. பேச்சு தொடங்கியதும் மைக் கீச்சிட்டது, காதைப் பொத்திக்கொண்டு அலறினான். "தோழர், குழந்தையைக் கொஞ்சம் வெளியே கூட்டிட்டுப் போங்களேன்" என்றார்கள். மேடையில் அப்போது சமத்துவம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வெளியே நின்று கேட்டேன். பேச்சாளர் ஆணவக்கொலை செய்தவர்களைப் பற்றி, "இவர்கள் மனநோயாளிகள்" என்றார். கைத்தட்டல். இணையத்தில் நம் தோழர்கள் சங்கிகளைத் திட்டும்போது "உனக்கு ஆட்டிசமா?" என்று எழுதுவதையும் பார்க்கிறேன்.

தோழர்களே, சாதி ஒரு மனநோய் இல்லை. அந்த ரயில் பெரியவர் தெளிவான மனநிலையில் இருந்தார். கொழுக்கட்டை கொடுத்த அம்மா சாந்தமாக, பண்பாக, கிண்ணத்தைத் திருப்பி வாங்காமல் போனார். பெற்ற மகளைக் கொல்கிறவர்கள் கூடிப் பேசி, நாள் குறித்து, வக்கீலையும் பார்த்து வைத்துக்கொண்டு கொல்கிறார்கள். அவர்களுக்குச் சமூக விதிகள் எல்லாம் அத்துப்படி. அந்த விதிகள் எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும் ஏறாத ஒருவன் என் வீட்டில் இருக்கிறான். அவனுடைய நிலையின் பெயரை அவர்களுக்குச் சூட்டாதீர்கள்.

தனியார் மையத்தை நிறுத்திய பிறகு தம்பி எங்கள் பகுதி அங்கன்வாடிக்குப் போகிறான். தனியார் மழலையர் பள்ளி ஒன்று, மற்ற பெற்றோர் விரும்ப மாட்டார்கள் என்று கைவிரித்துவிட்டது. அங்கன்வாடி அக்கா ஒன்றும் கேட்காமல் சேர்த்துக்கொண்டார். உதவியாளர் அம்மா அவன் முன்னால் ஒரு தட்டில் கொண்டைக்கடலையைக் கொட்டிவிடுவார், ஒரு மணி நேரம் வரிசையாக அடுக்கிக்கொண்டு இருப்பான். வாரம் ஒருமுறை வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் வருகிறார். தொகுப்பூதியத்தில் பல வருடமாக வேலை பார்ப்பவர், ஒரு ஸ்கூட்டியில் எத்தனையோ பள்ளிகளைச் சுற்றுகிறவர். அவரிடம் சாதிக் கேள்வியைப் பற்றிச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "எப்போ எப்போ சொல்றான்னு ஒரு வாரம் எழுதி வைங்கம்மா" என்றார்.

எழுதினேன். ரயில் பெட்டியில் ஏறும்போது. அங்கன்வாடி வாசலில். ரேஷன் கடை வாசலில். தாத்தா வீட்டு வாசலில். குளியலறைக் கதவு சாத்தியிருக்கும்போது, உள்ளே நான் இருக்கும்போது.

அவர் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இவன் சாதி கேக்கலம்மா. உள்ளே வரலாமான்னு கேக்குறான்."

ஒரு கதவுக்கு முன்னால் நிற்கும்போது சொல்ல வேண்டிய சொல் இதுதான் என்று அவன் முடிவு செய்திருக்கிறான். யோசித்துப் பார்த்தால், அவன் பார்த்தவரைக்கும் அதில் தவறே கிடையாது.

இப்போது நாங்கள் அந்த வாக்கியத்தைத் தடுப்பதில்லை. அவன் அதைச் சொன்னதும் "உள்ளே வரலாமா?" என்று நான் சொல்லிக் காட்டிவிட்டு, கதவைத் திறக்கிறேன். ஒரு நாளைக்கு முப்பது தடவை குளியலறைக் கதவைத் திறந்து மூடுகிறோம். மூன்றாவது மாதம் "உள்ளே வரலாமா ஆளுங்க?" என்றான். போன மாதத்திலிருந்து அந்த 'ஆளுங்க' உதிர்ந்துவிட்டது. செருமல் மட்டும் இருக்கிறது. ஜெய்பீம் அப்படியே இருக்கிறது. அதைத் தொடப்போவதில்லை என்று இரண்டு பேரும் பேசி முடிவு செய்துவிட்டோம். அம்பேத்கர் படம் இந்த வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. இது எங்கள் ஆட்களின் வீடு, ரயில் பாதைக்குப் பின்னால், மழைக்கு ஒழுகும். ஓனர் தன் மகளுக்குக் கல்யாணம் வைத்திருப்பதால் தை மாதத்துக்குள் காலி செய்து தர வேண்டும்.

எனவே மறுபடியும் வீடு பார்க்கிறோம். போன ஞாயிறு ஒரு கீழ்வீடு, தனி வாசல், குதித்தால் யாருக்கும் தொல்லை இல்லை. வாடகை 7,500. கதவைத் திறந்தது என் வயதுப் பெண். நான் வாயைத் திறக்கும் முன்னே தம்பி அவர் கையிலிருந்த சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டு, "உள்ளே வரலாமா?" என்று கேட்டுச் செருமினான். அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அட, வாங்க சார்" என்று வழி விட்டார். தம்பி உள்ளே போய் மின்விசிறிக்கு அடியில் நின்று குதிக்க ஆரம்பித்தான்.

அவர் என் பக்கம் திரும்பினார். "சொந்த ஊரு எதுங்க உங்களுக்கு?"

ஊரைச் சொன்னேன். காலனி என்பதையும் அவர் கேட்காமலே சேர்த்துச் சொன்னேன். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு இரண்டு நாளில் போன் பண்ணுவதாகச் சொன்னார். இன்றைக்கு ஐந்தாவது நாள்.